பொன்னாடை வேண்டாம், ஒரு மேசை போடுங்கள்: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை, நவி மும்பை, தானே வட்டாரங்களில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர் நலச் சங்கங்கள், கோயில் கமிட்டிகள், மகளிர் குழுக்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

டிரேடிங் சாஃப்ட்வேர் என்ற பெயரில் நம்மவர்கள் பணத்தைப் பறிகொடுப்பது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. சிலருக்குச் சொந்த வீட்டிலேயே நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். இருப்பது செம்பூரில். முன்பு கவுன்டருக்கு உள்ளே இருந்து பார்த்தேன். இப்போது ஏமாந்தவர்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் வங்கிக்கும் போய்வருவதால் கவுன்டருக்கு வெளியே இருந்தும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: பணம் போனவர் வந்து உட்கார்ந்து புகார் எழுத, உங்கள் அலுவலகத்தில் ஒரு மேசையும், எழுதத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

போலீஸ் இருக்கிறது, வங்கி இருக்கிறது, சங்கம் எதற்கு என்பீர்கள். 2025 ஜனவரியில் தாதரில் டோரஸ் நகைக்கடை பூட்டிக் கிடந்த அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். வாராவாரம் வட்டி வரும் என்று நம்பிக் கட்டியவர்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள். "உங்களுக்கு எவ்வளவு போச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள அங்கே ஆள் இருந்தது. கூட்டம் கூடியதால் செய்தி பரவியது. பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்கைக் கையில் எடுத்தது. முதலீட்டாளர்களைக் காக்க 1999-இல் வந்த எம்பிஐடி சட்டம் பாய்ந்தது. சாஃப்ட்வேர் மோசடியில் கடையும் இல்லை, ஷட்டரும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருந்தாலும் அதில் ஏமாந்தவர் யார், லாபம் வந்ததாக நடிக்கும் கூலியாள் யார் என்று தெரியாது. ஒருநாள் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றுவான். மறுநாள் குழுவே இருக்காது. அன்டாப் ஹில்லில் ஒருவர், டோம்பிவிலியில் ஒருவர், தாராவி 90 அடி ரோட்டில் ஒருவர் என்று மூன்று பேர் ஒரே கணக்குக்குப் பணம் அனுப்பியிருப்பார்கள். மூன்று பேருக்கும் அது தெரியாது. மூன்று புகார்கள் மூன்று ஸ்டேஷன்களில் தனித்தனியே கிடக்கும். ஆனால் ஊர்க் கொடை வரி, சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று ஏதோ ஒரு வழியில் மூன்று பேரையும் உங்களுக்குத் தெரியும்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பதை நிர்வாகிகள் ஒருமுறையாவது முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வகையில், பெரிய தரகு நிறுவனத்தின் பெயரும் சின்னமும் போட்ட போலிச் செயலி வரும். ப்ளே ஸ்டோரில் இருக்காது. லிங்க் அனுப்பி இறக்கச் சொல்வார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தனிக் கணக்கு, அதில் நிறுவனங்கள் முதன்முதலாக வெளியிடும் ஐபிஓ பங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்பது வழக்கமான பேச்சு. இன்னொரு வகை நம்மூர் ஆட்கள் மூலமாகவே வரும். "ரோபோ தானாக வாங்கி விற்கும், நீங்கள் தூங்கினாலும் அது தூங்காது, மாதம் இத்தனை சதவீதம்" என்று சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் கட்டணம் வாங்குவார்கள். பிறகு அந்நியச் செலாவணியில் வணிகம் செய்யும் ஏதோ ஒரு தளத்தில் பணம் போடச் சொல்வார்கள். நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டு. இரண்டிலும் திரையில் தெரிகிற லாபம் வெறும் எண்தான். அந்த எண்ணை எழுதுகிறவனும் பணத்தை வாங்கிக்கொண்டவனும் ஒரே ஆள்.

ஆரம்பத்தில் ஐயாயிரமோ பத்தாயிரமோ எடுக்க விடுவார்கள். அதுதான் தூண்டிலில் உள்ள புழு. பெரிய தொகை உள்ளே போன பிறகு எடுக்கப் போனால் வருமான வரி, பாதுகாப்பு வைப்புத்தொகை, கணக்கைத் திறக்கக் கட்டணம் என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒன்று சொல்கிறேன், இதை எல்லோர் காதிலும் போடுங்கள்: லாபத்துக்கான வருமான வரியை நாம்தான் அரசுக்குக் கட்டுவோம்; நம் பணத்தை நமக்குத் தர, முன்கூட்டி வரி கட்டு என்று எந்தப் பதிவுபெற்ற தரகரும் கேட்க மாட்டார். வரி கேட்ட நொடியே தெரிந்துகொள்ளலாம், உள்ளே பணமே இல்லை.

கணினி நிரலே வாங்கி விற்கும் ஆல்கோ என்பதே பொய் என்றும் சொல்லமாட்டேன். சில்லறை முதலீட்டாளர்கள் ஆல்கோ முறையில் வணிகம் செய்ய, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வெளியிட்டது. பதிவுபெற்ற தரகர் வழியாகத்தான் ஆர்டர் போகவேண்டும். ஆல்கோவைப் பங்குச் சந்தையில் பதிவு செய்யவேண்டும். ஆர்டரில் அதன் அடையாள எண் இருக்கவேண்டும். லாபத்தைச் சொல்லி ஆள் பிடிக்கும் ஆல்கோ தளங்களோடு தரகர்கள் ஒட்டும் உறவும் வைக்கக் கூடாது என்று 2022-லேயே சொல்லியாகிவிட்டது. மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று எவன் சொல்கிறானோ, அவன் இந்தச் சட்டத்துக்குள் இல்லை. நேர்மையான சந்தையிலேயே நிலைமை என்ன? 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம், மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் சொந்த ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. இதில் குர்லா ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலில் கூட்டம் போட்டவனின் ரோபோ மட்டும் எப்போதும் ஜெயிக்குமாம்.

இனி பணம் போன பிறகான கதை. இதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் இரண்டாம் முறையும் ஏமாறுகிறார்கள்.

அனுப்பிய பணம் வாங்கியவனின் கணக்கில் தங்காது. ஒரு கணக்கிலிருந்து நாலு, நாலிலிருந்து பதினைந்து என்று பிரிந்து ஓடும். பிறகு ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியே போய்விடும். ஓடி முடிவதற்குள் மறிக்கத்தான் 2021-இல் உள்துறை அமைச்சகம் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதன் தொலைபேசி எண் 1930, இணையத்தில் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். 1930-க்குத் தகவல் சொன்னால் அது வாங்கியவனின் வங்கிக்கும், அங்கிருந்து பணம் போன அடுத்த வங்கிக்கும் போகும். எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை அங்கேயே பிடித்து வைப்பார்கள். அந்த மிச்சம்தான் பின்னால் கைக்கு வரக்கூடிய பணம். 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டு மக்கள் சைபர் மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த அமைப்பு தொடங்கியதிலிருந்து மறித்துக் காப்பாற்றிய தொகை 5,489 கோடி என்றும் அப்போது சொன்னார்கள். பல ஆண்டுகளில் காப்பாற்றியதைக் காட்டிலும் ஒரே ஆண்டில் போனது நாலு மடங்கு. ஆகவே காலையில் போன பணத்துக்குச் சாயங்காலம் கூப்பிடுவதற்கும், மைத்துனரிடம் கலந்துபேசி அடுத்த வாரம் கூப்பிடுவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கூப்பிட்டவுடன் அவர்கள் கேட்பது எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதி, எந்த நேரம், எவ்வளவு, பணம் அனுப்பியதற்கான அடையாள எண்ணான யூடிஆர் எண் என்ன என்பதுதான். யுபிஐ, ஐஎம்பிஎஸ் என்றால் 12 இலக்கம். நெஃப்ட் என்றால் 16 எழுத்தும் எண்ணும் கலந்தது. ஆர்டிஜிஎஸ் என்றால் 22. அழுதுகொண்டிருக்கும் ஒரு அம்மா இதை ஹிந்தியிலோ மராத்தியிலோ சொல்வாரா? இருபத்திரண்டு எழுத்தைத் தப்பில்லாமல் படிக்க எனக்கே மூக்குக் கண்ணாடி வேண்டும். பக்கத்தில் ஒருவர் பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னால் வேலை நடக்கிறது. பதிவானதும் ஒப்புகை எண் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் புகாரை இணையத்தில் போடவேண்டும். தன் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கவேண்டும். சைபர் போலீஸில் எஃப்ஐஆர் கேட்கவேண்டும். வெட்கத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டுச் செயலியையும் நீக்கிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அதுதான் சாட்சியம், எதையும் அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

மறித்து வைத்த பணம் தானாக வந்துவிடாது. பொதுவாகப் போலீஸ் அறிக்கையோடு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போடவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 457-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503. பெரும்பாலும் கோர்ட் உத்தரவைக் காட்டித்தான் வங்கி பணத்தைத் திருப்பும். ஒரே கணக்கில் பலருடைய பணம் கலந்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்ற சிக்கல் வரும். அங்கேதான் தனித்தனியாக நிற்பவர்கள் தோற்கிறார்கள், சேர்ந்து கணக்கோடு போகிறவர்களின் பேச்சு எடுபடுகிறது. வக்கீலுக்குக் காசில்லாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 12-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. தொலைபேசி 15100. தாராவியில் பாதிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வருவார்கள். ஆனால் இப்படி ஓர் எண் இருப்பதை அவர்களில் யாரும் என்னிடம் சொல்லிக் கேட்டதில்லை.

பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். நான் பார்த்தவரை முழுத் தொகையும் திரும்பி வருவது அபூர்வம். "ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை இருக்கிறது, மூன்று நாளில் சொன்னால் வங்கி முழுசாகத் தரவேண்டும்" என்று சில படித்தவர்களே சொல்கிறார்கள். 2017 ஜூலையில் வந்த அந்தச் சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் நம் கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணத்துக்கானது. இங்கே பின் நம்பரை அழுத்தியதும் ஆர்டிஜிஎஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் நாமே. அதனால் வங்கி கைவிரிக்கும். ஆனால் புகார் கிடைத்த பிறகும் வங்கி சும்மா இருந்தது, அல்லது ஆளே இல்லாத முகவரியில் கணக்குத் திறந்து கொடுத்தது என்றால் அது வேறு விஷயம். முதலில் அந்த வங்கிக்கே புகார். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேன். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளம் செபியிடம் பதிவுபெற்றவர்கள் மீதான புகாருக்கு. ஊர் பேர் தெரியாத திருடன் மேல் அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்தால் 1930-க்கு உரிய நேரம் போய்விடும்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது திருடன் வருகிறான். இவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

பணம் போய்ச் சில வாரங்களில் ஒரு போன் வரும். "உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்." போன தொகை, தேதி, செயலியின் பெயர் எல்லாம் சரியாகச் சொல்வான். எப்படித் தெரியும்? ஏமாற்றிய கும்பலே பட்டியலை விற்கும். இல்லையென்றால் அதே கும்பல்தான் வேறு குரலில் பேசும். ரெகவரி ஏஜென்ட் என்பான், வக்கீல் என்பான், நல்ல ஹேக்கர் என்பான். ரிசர்வ் வங்கி, செபி, அமலாக்கத் துறை என்று சிங்க முத்திரை போட்ட கடிதம் வாட்ஸ்அப்பில் வரும். கிரிப்டோ வாலட்டில் உங்கள் பணம் இத்தனை டாலராக இருக்கிறது என்று படம் காட்டுவான். எடுத்துத்தர ஃபீஸ் பத்து சதவீதம், முதலில் பதிவுக் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு மாற்றுக் கட்டணம். உதவுகிறேன் என்று திரையைப் பகிரும் செயலியைப் போனில் ஏற்றச் சொல்லி, மிச்சம் இருப்பதையும் வழிப்பவனும் உண்டு.

முதல் தடவை ஆசையால் ஏமாந்தார்கள் என்று ஊர் பேசும். இரண்டாம் தடவை ஏமாறுவது ஆசையால் இல்லை. மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்தது, ஊரில் நிலம் விற்று வந்தது, புருஷனுக்குத் தெரியாமல் சீட்டு எடுத்துப் போட்டது. அதை எப்படியாவது மீட்டு வைத்துவிட வேண்டும், வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது. அந்தத் தவிப்பைத்தான் இவன் காசாக்குகிறான். அதோடு ஒரு மிரட்டலும் வைத்திருப்பான்: "வெளிநாட்டுத் தளத்தில் பணம் போட்டது அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டப்படி குற்றம், போலீஸுக்குப் போனால் நீங்கள்தான் உள்ளே போவீர்கள்." அங்கீகாரம் இல்லாத அந்நியச் செலாவணித் தளங்களில் வணிகம் செய்வது சட்டப்படி கூடாது என்பது உண்மைதான். 2022 முதல் ரிசர்வ் வங்கி அப்படிப்பட்ட தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலையும் வெளியிட்டு வருகிறது. பாதி உண்மை கலந்த அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் ஜனங்கள் போலீஸ் வாசலை மிதிப்பதில்லை. அவனுக்கு வேண்டியதும் அதுவே. நான் கூடப் போன இடங்களில் ஏமாந்து புகார் கொடுக்க வந்தவரை ஃபெமாவைக் காட்டி யாரும் மிரட்டியதில்லை.

ஆகவே உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒன்று எழுதி ஒட்டுங்கள்: போன பணத்தை மீட்டுத்தர முன்பணம் கேட்பவன் திருடன். 1930-க்குக் கட்டணம் இல்லை. எஃப்ஐஆருக்குக் கட்டணம் இல்லை. ஒம்பட்ஸ்மேனுக்குக் கட்டணம் இல்லை. கார்டில் செலுத்திய பணத்துக்குச் சார்ஜ்பேக், அதாவது திருப்பித் தரும்படி, கேட்பதென்றால் கார்டு கொடுத்த நம் வங்கியிடமே கேட்கலாம். நடுவில் ஆள் வேண்டாம். ரிசர்வ் வங்கி தனிநபருக்குக் கணக்கு வைத்திருப்பதும் இல்லை, வாட்ஸ்அப்பில் யாருக்கும் பணம் விடுவிப்பதும் இல்லை. வக்கீல் வைத்தால் அவருக்கு ஃபீஸ் உண்டு, அது நியாயம். அவரை அலுவலகத்தில் நேரில் பாருங்கள், வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். போனில் மட்டும் இருக்கிற வக்கீல் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் நம் தெருவில்தான் இருக்கிறது. திருட்டுப் பணம் ஓடுகிற அந்தக் கணக்குகள் யாருடையவை? வேலை தேடும் பையன்களுடையவை. "கணக்கு ஒன்று திறந்து, ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்" என்று ஒருவன் வருவான். கொடுத்த பையனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரிந்த அன்று வேறு மாநிலப் போலீஸ் வீட்டு வாசலில் நிற்கும். ஏமாந்த அக்காவும் கணக்கை வாடகைக்கு விட்ட தம்பியும் ஒரே சாலில் (வரிசை வீட்டில்) குடியிருப்பது கதையில் மட்டும் நடப்பதில்லை. உங்கள் இளைஞர் அணிக் கூட்டத்தில் கிரிக்கெட் போட்டிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் இதைப் பேசுங்கள்.

தப்பே செய்யாதவர்களும் மாட்டுகிறார்கள். இட்லி விற்றவருக்கு யாரோ ஒருவர் யுபிஐயில் போட்ட சில நூறு ரூபாய் அந்தத் திருட்டுச் சங்கிலியில் வந்ததாக இருக்கும். அவர் கணக்கு முழுசும் முடங்கிவிடும். மறுநாள் அரிசி வாங்கக் காசு இருக்காது. சந்தேகத்துக்குரிய தொகையோடு நிறுத்தாமல் கணக்கையே முடக்குவது சரியில்லை என்று கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. எந்த ஊர்ப் போலீஸ், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுதிக் கேட்கவேண்டும். கிளையில் வாய்மொழியாகக் கேட்டால் "சைபர் செல் போங்கள்" என்பதோடு முடியும். எழுதிக் கேட்டால்தான் பதில் வரும். இந்த மேசை அவருக்கும் உதவும்.

உங்கள் மேடைகளைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். எந்தச் சங்கம் என்று எழுதப் போவதில்லை, அவர்களுக்குத் தெரியும். ஆண்டு விழா மலரில் பின்னட்டை விளம்பரம் கொடுத்தார், சாப்பாட்டுச் செலவை ஏற்றார் என்பதற்காக ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, "நம் இனத்தின் இளம் தொழிலதிபர்" என்று மைக்கில் சொன்னீர்கள். அந்தப் புகைப்படத்தைத்தான் அவர் ஒவ்வொரு வீட்டிலும் காட்டினார். சங்கத் தலைவர் பக்கத்தில் நிற்கிறவர் ஏமாற்றுவாரா என்று ஜனங்கள் நம்பினார்கள். நன்கொடை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்கு, முதலீடு, ஆல்கோ என்று பேசுகிற யாரையும் மேடை ஏற்றும் முன் செபி பதிவு எண் கேளுங்கள். முதலீட்டு ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கும், ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், தரகர் என்றால் ஐஎன்இசட். எண்ணைத் திருடியும் போட்டுக்கொள்வார்கள். அதனால் செபி இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே உள்ள தொடர்பு விவரப்படியே பேசிப் பாருங்கள். செபி தலைமையகம் இருப்பது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், தாராவியிலிருந்து கூப்பிடு தூரம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைக்கூடப் பார்க்காமல் மாலை போட்டோம் என்று சொல்வது நன்றாக இல்லை.

பணம் அனுப்பும் முன் பார்க்கவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் முதல் பதிவுபெற்ற தரகர்களின் யுபிஐ முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் 'வேலிட்' என்ற சொல் வரும். தரகர் என்றால் அந்த 'அட்' குறிக்கு முன்னால் 'டாட் பிஆர்கே' என்று இருக்கும். செபி செக் என்ற வசதியில் அந்த முகவரியையும் கணக்கு எண்ணையும் போட்டுச் சரிபார்க்கலாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போது வாங்குகிறவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பங்குத் தரகருக்கு என்று அனுப்பும் பணம் ஏதோ ஒரு காய்கறி ஏஜென்சி பெயருக்குப் போனால் அங்கேயே நிறுத்துங்கள். கிளையில் ஆர்டிஜிஎஸ் படிவம் வாங்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: வயதானவர் ஒருவர் திடீரென்று பெருந்தொகையை முன்பின் தெரியாத கணக்குக்கு அனுப்ப வந்தால், யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. நாங்கள் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டெல்லாம் பின்னால் நன்றியாகத் திரும்பியிருக்கிறது.

இனி மேசை. பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வாரத்தில் ஒருநாள், ஞாயிறு காலை போதும். மற்ற நாட்களுக்கு, ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிற இரண்டு பேரின் போன் எண். 1930-க்கு உடனே கூப்பிட வைப்பதுதான் அவர்கள் வேலை. சங்கத்தில் பிரின்டர் இருக்கிறது; வங்கி ஸ்டேட்மென்ட்டும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துத்தர அது போதும். மேசையில் ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும்; புருஷனுக்குத் தெரியாமல் பணம் போட்டவர் என்னைப் போன்ற கிழவனிடம் வாய் திறக்கமாட்டார். உட்காருகிறவர் யாரிடமும் ஓடிபி, பின், கார்டு எண் கேட்கக் கூடாது. நன்கொடை என்றுகூட ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. வாங்கிய அன்று நாமும் ரெகவரி ஏஜென்ட் ஆகிவிடுவோம்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒரு நோட்டு. அதில் ஏமாந்தவர் பெயரைவிடப் பணம் போன கணக்கு எண், யுபிஐ முகவரி, செயலியின் பெயர், அறிமுகப்படுத்தியவர் யார், புகாரின் ஒப்புகை எண், எந்த ஸ்டேஷன் என்பவை வேண்டும். நோட்டு செயலாளரின் பீரோவில் பூட்டில் இருக்கட்டும். முலுண்டில் வந்த கணக்கு எண் தாராவி நோட்டிலும் இருந்தால், இருவர் சம்மதத்தோடு அவர்களைச் சந்திக்க வையுங்கள். இரண்டு எஃப்ஐஆரிலும் அந்தக் கணக்கு ஒன்றே என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கொடுக்கலாம். கோர்ட்டில் சேர்ந்து நிற்கலாம். இதைச் செய்ய சங்கங்கள் ஒன்றோடு ஒன்று பேசவேண்டும். யார் பெரிய சங்கம், யார் ஆதிச் சங்கம் என்ற வழக்கு நாற்பது வருஷமாக ஓடுகிறது; நோட்டு விஷயத்தில் மட்டும் அதை ஒத்திவையுங்கள்.

ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கம் வைத்து, சிறப்பு விருந்தினருக்கு மாலை போட்டு, வடை காபியோடு முடித்துவிடலாம் என்று யோசனை வரும். வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தச் செலவில் ஒரு பிரின்டர் டோனர் வாங்கலாம்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். செம்பூரிலிருந்து சயான், தாராவி, அன்டாப் ஹில் வரை எங்கே மேசை போட்டாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர்கள் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் இருக்கிறார்கள். கேட்டால் அவர்களும் வருவார்கள், ஒரே நிபந்தனை டீ வேண்டும் என்பார்கள். போர்டு, பேனர், திறப்பு விழா எதுவும் வேண்டாம். எந்தச் சங்கம் எந்த நாளில் இடம் தருகிறது என்று உங்கள் செயலாளர்கள் தங்களுக்குள் பேசி, ஒரு நேரப் பட்டியல் மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
செம்பூர், மும்பை